'ஃபோசைன்': கடல்நாயைக் குறிக்கும் ஒரு பெயரடையைப் பொருளறிந்து ஆள முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் மாலை வேளைகளில் நான் நடத்தும் ஆங்கில வகுப்பில், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் விலங்குகளின் பெயரடைகளை வரிசையாக மனப்பாடம் செய்வது வழக்கம். நாய்க்குக் கேனைன், பூனைக்கு ஃபீலைன், மாட்டுக்குப் போவைன், குதிரைக்கு ஈக்வைன் என்று ஒப்பித்துக்கொண்டே போகிறவர்கள் 'ஃபோசைன்' என்ற சொல்லுக்கு வந்ததும் நின்றுவிடுவார்கள். அவர்கள் கையில் இருந்த ஒரு கையேட்டில் அச்சொல்லுக்கு நேரே 'டால்பினுக்குரிய' என்று அச்சிட்டிருந்தது. காசிமேட்டிலிருந்து வரும் மாணவர் ஒருவர் எழுந்து, "சார், சீலுக்குத்தான் ஃபோசைன்னு என் ஃபிரெண்டு சொல்றான். புக்குல டால்பின்னு போட்டிருக்கு. எங்க நைனாவ கேட்டா, சீலுன்னு ஒண்ணு நம்ம கடல்லயே இல்லன்றாரு. எதை எழுதறது?" என்று கேட்டார்.

நண்பர் சொன்னதும் சரி, தந்தை சொன்னதும் சரி, புத்தகம் மட்டுமே தவறு. சீல் என்கிற கடல்நாய் நம் கடலில் வாழும் விலங்கு அல்ல. அதனால்தான் அதற்குரிய பெயரடை நம் காதில் ஒட்டாமல் நழுவுகிறது, அச்சுப் பிழையும் கேள்வியின்றிக் கடந்துவிடுகிறது. அன்று வகுப்பில் விளக்கியதை, மொழிபெயர்ப்பாளர்களுக்கும் பயன்படும் வகையில் விரித்து இங்கே எழுதுகிறேன். இச்சொல்லைப் பொறுத்தவரை முதன்மையாக நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: 'ஃபோசைன்' ஒரே சொல்லாகத் தோன்றினாலும் உறவு, இனம், ஒப்புமை என்னும் மூன்று வேறு வேலைகளைச் செய்கிறது, தமிழ் அந்த மூன்றுக்கும் மூன்று வேறு வடிவங்களை வைத்திருக்கிறது. எந்த வேலை என்று தீர்மானித்த பிறகே தமிழில் எழுதத் தொடங்க வேண்டும்.

முதற்படி: எழுத்தையும் ஒலியையும் உறுதி செய்துகொள்ளுங்கள்

ஆங்கிலத்தில் இச்சொல் பி, எச், ஓ, சி, ஐ, என், ஈ என்னும் ஏழு எழுத்துகளால் ஆனது. முதல் இரண்டு எழுத்துகளும் சேர்ந்து 'ஃப' ஒலியைத் தருகின்றன. நடுவில் உள்ள 'சி', அடுத்து 'ஐ' வருவதால் 'க' என்று ஒலிக்காமல் 'ஸ' என்று மென்மையாக ஒலிக்கிறது. எனவே 'ஃபோசைன்' என்பது பரவலான உச்சரிப்பு, 'ஃபோசின்' என்று குறுக்கிச் சொல்வோரும் உண்டு. 'ஃபோகைன்' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது.

ஒலியில் இவ்வளவு கவனம் எதற்கு என்றால், பன்றியைக் குறிக்கும் 'போர்சைன்' என்ற பெயரடை மிக அருகில் நிற்கிறது. அதற்கும் ஆங்கிலத்தில் ஏழே எழுத்துகள்தாம். தமிழில் ஆய்த எழுத்தை விட்டுவிட்டுப் 'போசைன்' என்று எழுதினால், 'போர்சைன்' என்பதற்கும் அதற்கும் இடையே ஒரு 'ர்' மட்டுமே மிஞ்சுகிறது. கால்நடை மருத்துவம் சார்ந்த ஒரு பத்தியில் இந்த ஒற்றெழுத்து விடுபட்டால், பன்றிகளின் நோய் கடல்நாய்களின் நோயாகிவிடும். ஆகவே இந்தச் சொல்லைத் தமிழில் எழுதும்போது ஆய்தத்தைத் தவிர்க்காதீர்கள். தூய தமிழெழுத்து வேண்டும் என்று விரும்புபவர்கள் சொல்லையே மொழிபெயர்த்துவிடலாம், அரைகுறையாக ஒலிபெயர்ப்பதுதான் ஆபத்து.

இரண்டாம் படி: வேரைப் பிடியுங்கள்

கடல்நாயைப் பண்டைக் கிரேக்கர்கள் 'ஃபோக்கே' என்றார்கள். அது இலத்தீனில் 'ஃபோக்கா' ஆயிற்று. பிரெஞ்சில் இன்றும் அந்த விலங்கின் அன்றாடப் பெயர் 'ஃபோக்' என்பதே, புதுச்சேரிப் பக்கம் பிரெஞ்சு படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இலத்தீன் 'ஃபோக்கா'வோடு, 'அதற்குரிய' என்னும் பொருள் தரும் '-இனுஸ்' என்ற ஈறு சேர்ந்து, ஆங்கிலத்தில் '-ஐன்' என்று முடிகிறது. கானிஸ் கேனைன் ஆனதும், ஃபீலிஸ் ஃபீலைன் ஆனதும் இதே வழியில்தான். இந்த ஈற்றை ஒரு முறை புரிந்துகொண்டவர், கரடிக்குரிய 'அர்சைன்', சிங்கத்துக்குரிய 'லியோனைன்' போன்றவற்றைப் பட்டியல் இல்லாமலே பிரித்தறிவார்.

இதில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்வீடனைச் சேர்ந்த லின்னேயஸ் 1758 ஆம் ஆண்டு விலங்குகளுக்கு இருசொற் பெயர் சூட்டியபோது, 'ஃபோக்கா' என்ற பேரினத்தின் கீழ் நான்கு இனங்களை வைத்தார். அவற்றுக்கு அவர் இட்ட பெயர்கள் ஃபோக்கா உர்சினா, ஃபோக்கா லியோனினா, ஃபோக்கா ரோஸ்மாரஸ், ஃபோக்கா விட்டுலினா என்பவை. உர்சினா என்றால் கரடிக்குரியது, லியோனினா என்றால் சிங்கத்துக்குரியது, விட்டுலினா என்றால் கன்றுக்குரியது. நான்கில் மூன்று பெயர்கள் நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே ஈற்றைக் கொண்டவை. அதாவது, கடல்நாயைப் பெயரிட வந்தவர் வேறு விலங்குகளின் பெயரடைகளைக் கடன் வாங்கினார். உரோமர்களும் கடல்நாயைக் 'கடற்கன்று' என்று அழைத்தவர்களே. கண்ணுக்குப் பழகாத விலங்கைப் பழகிய விலங்கின் பெயரால் சொல்வது எல்லா மொழிக்கும் பொது. ஜெர்மன் மொழியில் அது 'கடல்நாய்' என்றே பொருள்படும் 'ஸேஹுண்ட்'. தமிழிலும் அது கடல்நாய்தான்.

தமிழ்ப் பெயர் ஒரு வகையில் அறிவியலுக்கும் பொருந்திவருகிறது. ஊனுண்ணிகள் என்னும் வரிசை, பூனை சார்ந்த கிளை, நாய் சார்ந்த கிளை என இரண்டாகப் பிரிகிறது. கடல்நாய்கள் நாய்க் கிளையில், கரடிகளுக்கும் நீர்நாய் போன்றவற்றின் கூட்டத்துக்கும் அருகில் அமைகின்றன.

மூன்றாம் படி: எந்த விலங்கு என்பதைத் தெளிவுபடுத்துங்கள்

லின்னேயஸ் ஒரே பேரினத்தில் வைத்த நான்கும் இன்று நான்கு வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. இச்சொல்லின் எல்லையை விளங்கிக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

உர்சினா என்பது வடக்கு மென்மயிர்க் கடல்நாய். அது இன்று 'ஓட்டாரிடே' என்னும் செவியுள்ள குடும்பத்தில் இருக்கிறது. கடற்சிங்கங்களும் அதே குடும்பம். ரோஸ்மாரஸ் என்பது நீண்ட தந்தங்களை உடைய வால்ரஸ், அது தனக்கென ஒரு குடும்பமாகவே நிற்கிறது. லியோனினா என்பது தெற்கு யானைக் கடல்நாய், விட்டுலினா என்பது ஐரோப்பிய, வட அமெரிக்கக் கரைகளில் காணப்படும் துறைமுகக் கடல்நாய். இவை இரண்டும் 'ஃபோசிடே' என்னும் உண்மைக் கடல்நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் அக்குடும்பத்துக்குள்ளும் இரண்டு துணைக்குடும்பங்கள் உண்டு. துறவிக் கடல்நாய்கள், யானைக் கடல்நாய்கள், அண்டார்க்டிகாவின் கடல்நாய்கள் ஆகியவை 'மோனகினே' என்னும் துணைக்குடும்பம். வடபுலத்துக் கடல்நாய்கள் 'ஃபோசினே' என்னும் துணைக்குடும்பம். இன்று உயிரோடு இருக்கும் உண்மைக் கடல்நாய்கள் 18 இனங்கள், அவற்றில் 10 ஃபோசினேயைச் சேர்ந்தவை. உலகில் முழுக்க முழுக்க நன்னீரிலேயே வாழும் ஒரே கடல்நாய் இனமான பைக்கால் ஏரிக் கடல்நாயும் அந்தப் பத்தில் அடங்கும்.

உண்மைக் கடல்நாயையும் கடற்சிங்கத்தையும் வேறுபடுத்த இரண்டு அடையாளங்கள் போதும். உண்மைக் கடல்நாய்க்குப் புறச்செவி மடல் இல்லை, காதுத் துளை மட்டும் உண்டு. கரையேறினால் அதன் பின்துடுப்புகளை முன்னோக்கி மடக்க முடியாது, ஆகவே வயிற்றால் உந்தி உந்தி நகரும். கடற்சிங்கத்துக்குச் சிறிய செவிமடல் உண்டு, பின்துடுப்புகளை உடலுக்கு அடியில் மடக்கி நான்கு கால் விலங்குபோல நடக்கும். மூக்கின் நுனியில் பந்தை நிறுத்தி வித்தை காட்டும் 'சீல்' என்று படங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் கலிஃபோர்னியக் கடற்சிங்கமே. அதைக் குறிக்கக் கண்டிப்பான நடையில் 'ஃபோசைன்' பொருந்தாது, 'ஓட்டரைன்' என்றே சொல்ல வேண்டும்.

நான்காம் படி: சொல்லின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள்

மேற்சொன்ன வகைப்பாட்டின் விளைவாக, 'ஃபோசைன்' என்ற சொல் மூன்று அகலங்களில் வழங்குகிறது. பொது அகராதிகளில் அது 'சீல்களுக்குரிய, சீல் போன்ற' என்று அகலமாகப் பொருள்படும். விலங்கியலைச் சற்று கவனமாக எழுதுபவர்கள் உண்மைக் கடல்நாய்களை மட்டும் நினைத்து எழுதுவார்கள். வகைப்பாட்டியலாளர் கையில் அது இன்னும் குறுகி, ஃபோசினே துணைக்குடும்பத்துக்கு மட்டும் உரியதாகிவிடும். அந்தக் குறுகிய பொருளில் யானைக் கடல்நாய் ஃபோசைன் ஆகாது. அதே யானைக் கடல்நாய், பொது அகராதியின்படி ஃபோசைன்தான். ஆகவே 'தென் பெருங்கடலில் ஃபோசைன்கள் இல்லை' என்ற வாக்கியத்தைக் கண்டதும் தவறு என்று அடித்துவிடாதீர்கள், எழுதியவர் எந்த அகலத்தில் பேசுகிறார் என்பதைச் சுற்றியுள்ள வரிகளில் தேடுங்கள். அருகே 'மோனகைன்' என்ற சொல் வந்திருந்தால் குறுகிய பொருள் என்பது உறுதி.

'ஃபோசிட்' என்ற உறவுச்சொல் இங்கே குழப்பும். அது ஃபோசிடே குடும்பம் முழுவதையும் குறிக்கும், பெயராகவும் பெயரடையாகவும் வரும். குடும்பத்தைத்தான் சொல்ல வேண்டும் என்றால் ஃபோசிட் என்பதே ஐயத்துக்கு இடமில்லாத சொல். வைரஸ் பெயர்களில்கூட இந்த மாற்றம் நடந்திருக்கிறது: துறைமுகக் கடல்நாய்களைத் தாக்கும் ஒரு ஹெர்பஸ் வைரஸைப் பழைய கட்டுரைகள் 'ஃபோசைன்' என்ற அடையோடு எழுதின, பின்வந்த வகைப்பாட்டுப் பட்டியல்கள் 'ஃபோசிட்' என்று எழுதின. இரண்டும் ஒரே வைரஸ்தான், இரண்டு நோய்கள் என்று எண்ணிவிடக் கூடாது.

ஐந்தாம் படி: உறவா, இனமா, ஒப்புமையா?

வழிகாட்டியின் நடுக்கம்பம் இதுதான், ஆகவே சற்று நிதானமாகப் படியுங்கள்.

உறவுப் பொருளில் வரும்போது 'ஃபோசைன்' ஒரு பண்பைச் சொல்வதில்லை. இது எதனோடு தொடர்புடையது என்பதை மட்டும் சொல்கிறது. 'ஃபோசைன் நுரையீரல்' என்றால் கடல்நாயின் நுரையீரல். தமிழில் 'மாட்டு வண்டி' என்கிறோம் அல்லவா, அதைப் போன்றது. 'மிகவும் மாட்டு வண்டி' என்று யாரும் சொல்வதில்லை. 'இந்த வண்டி அந்த வண்டியைவிட மாட்டு' என்றும் சொல்வதில்லை. அதே காரணத்தால்தான் உறவுப் பொருளில் வரும் 'ஃபோசைன்' முன்னே 'மிக' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை வைக்க முடியாது, பயனிலையாக வாக்கியத்தின் இறுதியிலும் நிறுத்த முடியாது. பெயருக்கு முன்னே அடையாக மட்டுமே அது நிற்கும்.

இனப் பொருளில் வரும்போது அது வகைப்பாட்டைச் சொல்கிறது. 'வளையக் கடல்நாய் ஒரு ஃபோசைன் இனம்' என்பதில், அந்த விலங்கு எந்தக் கூட்டத்தில் அடங்குகிறது என்பதே செய்தி. இங்கும் அளவு சொல்ல இடமில்லை, அடங்கும் அல்லது அடங்காது.

ஒப்புமைப் பொருளில்தான் சொல் நெகிழ்கிறது. ஆங்கிலப் புனைவுகளில் ஒரு மனிதரின் அடர்ந்த மீசையையோ, பளபளக்கும் ஈரத் தலையையோ, பெரிய கரிய கண்களையோ ஃபோசைன் என்று வருணிக்கக் காணலாம். இங்கே அது பண்பைச் சொல்லும் அடை, ஆகவே 'சற்றே', 'மிகவும்' என்ற அளவுச் சொற்களை ஏற்கும். ஒரு வாக்கியத்தில் அளவுச் சொல் முன்னே நின்றால் ஒப்புமைப் பொருள் என்று தயங்காமல் முடிவு செய்யலாம். என் மாணவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் சோதனை இதுவே.

ஆறாம் படி: 'ஃபோசைன் டிஸ்டெம்பர்' என்ற தொடரை உடைத்துப் பாருங்கள்

இந்தப் பெயரடையை நீங்கள் எங்காவது சந்தித்தால், பத்தில் ஒன்பது முறை இந்தத் தொடரில்தான் சந்திப்பீர்கள். வடசென்னை வாசகருக்கு இதில் இரண்டு சொற்களுமே வழிமறிக்கும். டிஸ்டெம்பர் என்றவுடன் நமக்கு நினைவு வருவது பொங்கலுக்கு முன் சுவருக்கு அடிக்கும் வண்ணம். ஆனால் வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் அச்சொல்லை வேறு பொருளிலும் அறிவார்கள். வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு நாய்க்குட்டியைத் தூக்கிச் சென்றவர்களின் தடுப்பூசிப் புத்தகத்தில் 'கேனைன் டிஸ்டெம்பர்' என்ற சொல் இருக்கும். அந்த நாய் நோய்க்கு நெருங்கிய உறவான இன்னொரு நோய்தான் ஃபோசைன் டிஸ்டெம்பர். இரண்டையும் உண்டாக்குபவை 'மார்பிலிவைரஸ்' என்னும் ஒரே பேரினத்து வைரஸ்கள். மனிதருக்கு வரும் தட்டம்மை, ஆடுகளைக் கொல்லும் ஆட்டுக்கொல்லி நோய், 2011 ஆம் ஆண்டு உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட மாட்டு வெக்கை நோய் ஆகிய மூன்றின் வைரஸ்களும் இதே பேரினம்.

ஃபோசைன் டிஸ்டெம்பர் வைரஸ் 1988 ஆம் ஆண்டு அடையாளம் காணப்பட்டது. அவ்வாண்டு டென்மார்க்கின் ஆன்ஹோல்ட் தீவில் தொடங்கிய கொள்ளைநோய், வட கடல் கரையெங்கும் பரவிப் பல்லாயிரம் துறைமுகக் கடல்நாய்களைக் கொன்றது. 2002 ஆம் ஆண்டு மீண்டும் அதே தீவில் தொடங்கி மீண்டும் பல்லாயிரம் உயிர்களைப் பறித்தது. கடற்கரையில் ஒரே ஓர் ஆமை ஒதுங்கிக் கிடந்தாலே மனம் கனத்துப்போகும் நமக்கு, கரை முழுவதும் கடல்நாய்கள் ஒதுங்கிய காட்சியை எண்ணிப் பார்ப்பதே கடினம்.

இனிச் சொல்லுக்கு வருவோம். 'ஃபோசைன் டிஸ்டெம்பர்' என்பதற்குக் 'கடல்நாய்க்கு வரும் டிஸ்டெம்பர்' என்று பொருள் கொள்வது இயல்பாகத் தோன்றும், ஆனால் அது தவறு. 1987-88 ஆம் ஆண்டுகளில் சைபீரியாவின் பைக்கால் ஏரியில் ஆயிரக்கணக்கான கடல்நாய்கள் டிஸ்டெம்பரால் இறந்தன, 2000 ஆம் ஆண்டு காஸ்பியன் கடலிலும் அவ்வாறே இறந்தன. இரண்டு இடங்களிலும் கண்டறியப்பட்டது நாய்களைத் தாக்கும் கேனைன் டிஸ்டெம்பர் வைரஸ்! கடல்நாய்களுக்கு வந்த நோய், ஆனால் ஃபோசைன் டிஸ்டெம்பர் அல்ல. இத்தொடரில் 'ஃபோசைன்' என்பது நோயாளி யார் என்பதைச் சொல்லவில்லை, வைரஸின் பெயரில் ஓர் உறுப்பாக உறைந்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் இதைக் கவனிக்காமல் பைக்கால் நிகழ்வை 'கடல்நாய் டிஸ்டெம்பர்' என்று எழுதினால், படிப்பவர் வேறு வைரஸ் என்று எடுத்துக்கொள்வார். அங்கே 'கடல்நாய்களிடையே பரவிய நாய் டிஸ்டெம்பர்' என்று நீட்டி எழுதுவதே நேர்மையானது.

ஏழாம் படி: தமிழில் எழுதுங்கள்

முதலில் விலங்கின் பெயரைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். 'சீல்' என்று அப்படியே எழுதலாம், தவறில்லை. ஆனால் துறைமுகத்துக்கு அருகில் வாழும் நமக்கு அந்த ஒலியின் முதற்பொருள் வேறு. கன்டெய்னர் கதவில் சுங்கத்துறை மாட்டுவது சீல், விதிமீறிய கடைக்கு அதிகாரிகள் வைப்பதும் சீல், அலுவலகத்தில் கையெழுத்துக்கு மேல் குத்துவதும் சீல். ஆங்கிலத்திலேயே இவை வேறு வேறு வேர்கள்: விலங்கின் பெயர் பழைய ஆங்கிலத்தின் 'ஸியோல்ஹ்' என்பதிலிருந்தும், முத்திரையின் பெயர் இலத்தீனின் 'ஸிகில்லும்' என்பதிலிருந்தும் வந்தவை, ஒலி மட்டும் ஒன்றாகிவிட்டது. 'சீல் எண்ணிக்கை குறைந்தது' என்ற தலைப்பை ராயபுரத்து வாசகர் எப்படிப் படிப்பார் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே முதல் முறை கடல்நாய் என்று எழுதிவிடுவதே நல்லது.

கடல்நாய் என்பதை ஒரே சொல்லாகச் சேர்த்தும், புணர்ச்சி மாற்றம் இல்லாமலும் எழுதுங்கள். பழைய இலக்கண முறைப்படி லகரமும் நகரமும் சேர்ந்தால் 'கடனாய்' என்றாகும். அது 'கடனாக' என்று படிக்கப்பட்டுவிடும், எனவே இந்த இடத்தில் விதியைவிடத் தெளிவே முக்கியம் என்பது என் முடிவு.

பிற நீர்வாழ் விலங்குகளின் பெயர்களோடும் இது கலந்துவிடக் கூடாது. நீர்நாய் என்பது காவிரி போன்ற ஆறுகளில் வாழும் வேறு விலங்கு, அதற்குரிய ஆங்கிலப் பெயரடை 'லூட்ரைன்'. கடற்பசு என்றும் ஆவுளியா என்றும் அழைக்கப்படும் விலங்கு பாக் நீரிணையில் கடற்புல் மேய்வது. 2022 ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு அதற்கென 448 சதுர கிலோமீட்டர் பரப்பைப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அதற்குரிய அடை 'சைரீனியன்'. ஓங்கில் என்னும் டால்பினுக்கு 'டெல்ஃபினைன்' என்பது அடை, கையேட்டில் பிழை நேர்ந்தது இந்த இடத்தில்தான். அந்தப் பிழைக்கு ஒரு காரணம் இருக்கலாம் என்று பிறகு எனக்குத் தோன்றியது. டால்பினைப் போலவே தோற்றமளிக்கும் 'போர்பஸ்' என்ற விலங்கின் அறிவியல் குடும்பப் பெயர் 'ஃபோசினிடே'. இந்தியக் கரையோரம் வாழும் முதுகுத்துடுப்பில்லாத போர்பஸின் அறிவியற்பெயர் 'நியோஃபோசீனா ஃபோசீனாய்டஸ்'. 'ஃபோசீனா' என்பதும் கிரேக்கக் கடல்நாய்ச் சொல்லிலிருந்து கிளைத்ததே. ஆனால் அது திமிங்கில வரிசையைச் சேர்ந்தது, கடல்நாய் அல்ல. நம் கடலில் 'ஃபோசைன்' என்ற ஒலியைப் பெயரிலே சுமந்து நீந்தும் விலங்கு இருக்கிறது, அதற்கு அந்தப் பெயரடை மட்டும் பொருந்தாது.

இப்போது மூன்று வடிவங்களுக்கு வருவோம். உறவுப் பொருளுக்குத் தமிழில் தனிப் பெயரடை தேவையே இல்லை. மாடு என்பது 'மாட்டு' என்று திரிந்து அடையாவதுபோல, நாய் என்பது திரியாமலே அடையாகி, வல்லினத்துக்கு முன் ஒற்று மிகுந்து நிற்கும்: கடல்நாய்த் தோல், கடல்நாய்க் கொழுப்பு, கடல்நாய்க் குட்டி. இந்த ஒற்றுதான் ஆங்கிலத்தின் '-ஐன்' செய்யும் வேலையைத் தமிழில் செய்கிறது என்று சொன்னால் மிகையாகாது, ஆகவே அதை விட்டுவிடாதீர்கள். 'கடல்நாய்க்குரிய', 'கடல்நாய் சார்ந்த' என்று இழுப்பது பெரும்பாலும் தேவையற்ற சுமை. இனப் பொருளில் குடும்பத்தையோ துணைக்குடும்பத்தையோ வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: 'ஃபோசினே துணைக்குடும்பத்தைச் சேர்ந்த', 'உண்மைக் கடல்நாய்க் குடும்பத்து'. ஒப்புமைப் பொருளில் 'போன்ற', 'ஒத்த' என்னும் உவம உருபுகள் வரும்.

ஒப்புமையில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடல்நாயை நேரில் கண்டிராத வாசகருக்குக் 'கடல்நாய் போன்ற கண்கள்' என்ற உவமை வெறுமையாகவே இருக்கும். உவமை என்பது தெரிந்ததைக் காட்டித் தெரியாததை விளக்குவது, இங்கே இரண்டுமே தெரியாதவையாகின்றன. கதை கடல்நாய் வாழும் நாட்டில் நடக்கிறது, பாத்திரமும் அந்த விலங்கை அறிந்தவர் என்றால் உவமையை அப்படியே விட்டுவிட்டு, எந்தப் பண்பு என்பதை ஒரு சொல்லால் தொட்டுக்காட்டலாம்: 'கடல்நாயினுடையவை போல் உருண்டு ஈரம் பளபளத்த கண்கள்'. அதை எருமைக் கண்ணாகவோ மான் விழியாகவோ மாற்றிவிடும் மொழிபெயர்ப்பாளர்களை நான் ஏற்பதில்லை. ஐஸ்லாந்துக் கரையில் நிற்கும் கிழவர் எருமையை நினைக்கமாட்டார்.

எட்டாம் படி: ஆளக் கூடாத இடங்களை அறிந்துகொள்ளுங்கள்

அன்றாட ஆங்கிலத்தில் கடல்நாய்க் குட்டியைச் சொல்ல 'சீல் பப்' என்பதே இயல்பு. 'ஃபோசைன் பப்' என்று எழுதினால் அகராதியிலிருந்து பிடுங்கி நட்ட சொல்லாகத் தெரியும். தேர்வுக் கட்டுரையில் மதிப்பெண்ணுக்காக இச்சொல்லைத் திணிக்கும் மாணவர்களுக்கு நான் இதை வலியுறுத்திச் சொல்வதுண்டு. கால்நடை மருத்துவம், வைரஸியல், உடற்கூறியல், வகைப்பாட்டியல், நயமான வருணனை ஆகியவையே இச்சொல் இயல்பாக வாழும் இடங்கள்.

மனிதரின் உடற்குறையைச் சுட்ட இதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். கை கால்கள் வளர்ச்சி குன்றிப் பிறக்கும் நிலைக்கு மருத்துவத்தில் 'ஃபோகோமீலியா' என்ற பெயர் உண்டு. கிரேக்கத்தில் கடல்நாய் என்னும் சொல்லையும் உறுப்பு என்னும் சொல்லையும் சேர்த்து அது ஆக்கப்பட்டது. 1957 ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து 1961 ஆம் ஆண்டின் இறுதியில் திரும்பப் பெறப்பட்ட தாலிடோமைடு மருந்தைத் தாய்மார்கள் கருவுற்றிருந்தபோது உட்கொண்டதால், உலகெங்கும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இந்நிலையோடு பிறந்தார்கள். மருத்துவக் குறிப்பில் அந்தப் பெயர் ஒலிபெயர்ப்பாகவே நிற்கட்டும். வேரைப் பெயர்த்துக் 'கடல்நாய்க் கை' என்று தமிழில் எழுதுவது அம்மனிதர்களைப் புண்படுத்தும், மருத்துவப் பொருளையும் தெளிவாக்காது.

ஒன்பதாம் படி: செய்து பாருங்கள்

வகுப்பில் நான் கொடுத்த நான்கு தொடர்களை இங்கே தருகிறேன். தமிழாக்கத்தைப் பார்க்கும் முன், ஒவ்வொன்றும் உறவா, இனமா, ஒப்புமையா என்று மனத்துக்குள் சொல்லிப் பாருங்கள்.

முதல் தொடர் 'ஃபோசைன் பிளப்பர்'. பிளப்பர் என்பது தோலுக்கடியில் உள்ள தடித்த கொழுப்பு. இங்கே உறவு மட்டுமே இருக்கிறது, எனவே 'கடல்நாய்க் கொழுப்பு' போதும். இரண்டாவது, 'ஃபோசைன் அண்டு மோனகைன் சீல்ஸ்'. இரண்டு துணைக்குடும்பங்கள் எதிரெதிரே நிற்பதால் இது இனப் பொருள், அதுவும் குறுகிய அகலத்தில். 'ஃபோசினே, மோனகினே ஆகிய இரு துணைக்குடும்பங்களின் கடல்நாய்கள்' என்று எழுத வேண்டும். மூன்றாவது, 'எ ஃபெயின்ட்லி ஃபோசைன் மஸ்டாஷ்'. 'ஃபெயின்ட்லி' என்ற அளவுச் சொல் முன்னே நிற்பதால் ஒப்புமை. 'கடல்நாயின் மீசையை லேசாக நினைவூட்டும், கீழ்நோக்கி விறைத்த மீசை' என்று பெரும்பாலான மாணவர்கள் நெருங்கி வந்தார்கள்.

நான்காவது, 'ஃபோசைன் டிஸ்டெம்பர் இன் கிரே சீல்ஸ்'. கேள்வி கேட்ட காசிமேட்டு மாணவர் இதற்குக் 'கடல்நாய்க் கடல்நாய் நோய்' என்று முதலில் எழுதி, அடித்துவிட்டு, சற்று யோசித்து, 'சாம்பல்நிறக் கடல்நாய்களிடையே ஃபோசைன் டிஸ்டெம்பர் வைரஸ் உண்டாக்கும் நோய்' என்று திருத்தினார். பிறகு கையேட்டை எடுத்து, 'டால்பினுக்குரிய' என்பதைப் பேனாவால் அடித்து, அதன் மேலே 'கடல்நாய்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு 'க்' வைத்து மூடினார்.